அறிவியல் புனைவுத் திரையில் மனம் பறித்தவர் யார்? முகத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசுவோம்

கடைசிவரிசை:

நண்பர்களே, விண்வெளியோ காலப்பயணமோ இயந்திர மனிதனோ, எந்தக் கதையாக இருந்தாலும் சரி. திரையில் பார்த்த அறிவியல் புனைவு நாயகர்களில் உங்கள் மனத்தை அள்ளிக்கொண்டு போனவர் யார்? நாயகியரும் சேர்த்திதான். ஒரே ஒரு நிபந்தனை: நடிகரின் விருது விழாப் புகைப்படங்களைக் காட்டி வாதாடக் கூடாது. அந்தப் பாத்திரம் அந்தப் படத்துக்குள் என்ன செய்கிறது என்று காட்டித்தான் வாதாட வேண்டும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகைப் படங்களில் அழகு முகத்தில் இல்லை, கையில் இருக்கிறது. வேலை தெரிந்த கை. ஹான் சோலோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸில் அவன் வெறும் வாய்ச்சவடால்காரன், பிடிக்கும், அவ்வளவுதான். 1980இல் வந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தில்தான் ஆளைச் சாய்க்கிறான். காரணம், அந்தப் படத்தில் பாதி நேரம் அவனுடைய கப்பல் ஓடுவதில்லை. தரையைத் திறந்து பள்ளத்துக்குள் இறங்கி, ஒயர்களுக்கு நடுவே நின்று, துணைவிமானி சூபாக்காவைக் கருவி கேட்டுக் கத்திக்கொண்டிருக்கிறான். கருவிப் பெட்டி தலைமேல் விழுகிறது. திட்டிவிட்டு மறுபடியும் வேலையைப் பார்க்கிறான். ஹானாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு பட வாய்ப்பு இல்லாத நாட்களில் தச்சு வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர். கருவியைப் பிடித்துப் பழகியவர் பிடிப்பதற்கும் பிடிப்பதாக நடிப்பவர் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு திரையில் தெரிகிறது.

இன்னும் பெரிய சாட்சி ஒன்று வைத்திருக்கிறேன். 2019இல் தொடங்கிய 'தி மாண்டலோரியன்'. நாயகனுக்கு முகமே கிடையாது. யார் முன்னும் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை என்பது அவன் விரதம். முதல் பருவத்தின் எட்டுப் பகுதிகளில் எட்டாவதில் ஒரே ஒரு முறை ஹெல்மெட் கழற்றப்படுகிறது. பல காட்சிகளில் கவசத்துக்குள் இருந்தவர் பெட்ரோ பாஸ்கல்கூட இல்லை. பிரெண்டன் வேய்ன், லதீஃப் குரௌடர் என்ற இருவர். குரல்தான் பாஸ்கலுடையது. அப்படியும் ரசிகர்கள் உருகினார்கள். முகம்தான் எல்லாம் என்றால் இது எப்படி நடந்தது? பதில் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள்.

வால்நட்சத்திரம்:

பதில் மிக எளிது. ஹெல்மெட்டுக்குள் யார் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். பாத்திரத்துக்குள் பாயசம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு மூடியின் அழகைப் புகழ்வதைப் போல இருக்கிறது உங்கள் வாதம்.

நான் வெட்கமில்லாமல் முகத்தின் கட்சி. 1999, தி மேட்ரிக்ஸ், கியானு ரீவ்ஸ். கறுப்புக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி. அந்த நியோ எதைப் பழுதுபார்த்தான், சொல்லுங்கள்? படத்தின் முதல் பாதி முழுவதும் அவனுக்கு ஒன்றும் தெரியாது. அலுவலகத்திலிருந்து தப்பிக்கச் சொல்லி ஃபோனில் வழிகாட்டுகிறார்கள். ஜன்னல் விளிம்பில் ஓர் அடி வைக்கிறான், கீழே பார்க்கிறான், ஃபோன் கைநழுவி விழுகிறது, "என்னால் முடியாது" என்று திரும்பிப் போய்ப் பிடிபடுகிறான். வேலை தெரிந்த கையாம்! அந்தக் கையால் ஒரு ஃபோனைப் பிடித்திருக்க முடியவில்லை. இருந்தும் அந்தக் குழம்பிய முகத்தை விட்டு என் கண் நகரவில்லை.

தேநீர்க்கடை:

ஜுராசிக் பார்க், 1993, ஜெஃப் கோல்ட்ப்ளம். சட்டைப் பொத்தான்கள் அனைத்தும் திறந்த நிலையில், அடிபட்ட காலோடு, ராஜசபையில் சாய்ந்திருக்கும் மன்னனைப் போலப் படுத்திருக்கும் அந்த ஒரு கோணம். டைனோசர் கடித்துக் குதறும் தீவில் அந்தச் சட்டை ஏன் திறந்திருக்கிறது என்று இன்றுவரை யாரும் விளக்கவில்லை, விளக்கவும் வேண்டாம். படத்தின் இருபத்தைந்தாம் ஆண்டுக்கு, 2018இல், லண்டனில் டவர் பிரிட்ஜ் அருகே அதே கோலத்தில் 25 அடிச் சிலை வைத்தார்கள். உங்களில் யாருடைய நாயகனுக்காவது சட்டை திறந்த சிலை இருக்கிறதா? இல்லையென்றால் என் தரப்பு வாதம் முடிந்தது.

பழைய ரேடியோ:

ஒருவர் கை என்கிறார், ஒருவர் முகம் என்கிறார், ஒருவர் சட்டை என்கிறார். மூளை என்று ஓர் உறுப்பு இருப்பதை இந்தத் தலைமுறை மறந்துவிட்டது போலும்.

தூர்தர்ஷனில் ஸ்டார் ட்ரெக் பார்த்தவன் நான். 1966இல் அமெரிக்காவில் அது தொடங்கும் முன் என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனத்துக்கு, உணர்ச்சியைக் காட்டாமல் வளர்க்கப்பட்ட பாதி வேற்றுக்கிரகவாசியான ஸ்பாக் பாத்திரத்தைக் கண்டாலே உதறல். கூர்க்காதும் ஏறிய புருவமும் சாத்தானை நினைவூட்டும், விளம்பரதாரர்கள் ஓடிப்போவார்கள் என்று பயம். விளம்பரக் கையேட்டில் அச்சிட்ட படத்தில் காதின் முனையையும் புருவத்தின் கூர்மையையும் தூரிகையால் மழுப்பியே விட்டார்கள். தொடர் ஒளிபரப்பான பிறகு நடந்தது வேறு. ரசிகைகளின் கடிதங்கள் கேப்டன் கர்க்கைத் தாண்டி அந்தக் கூர்க்காதுக்காரனுக்குக் குவிந்தன. 1967இல் அறிவியல் புனைவு எழுத்தாளர் ஐசக் அசிமோவ் டிவி கைடு இதழில் இதைப் பற்றியே நகைச்சுவையாக ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய சின்ன மகளே ஸ்பாக்கைப் பார்த்துச் சொக்கிப்போயிருந்தாள். அறிவுள்ள ஆணைப் பெண்களுக்குப் பிடிக்கும் என்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று அங்கலாய்த்திருந்தார் அந்த மேதை.

அந்த அறிவுக்குக் கீழே ஓடும் நெருப்பை ஓரிடத்தில் காட்டுவார்கள். அதே 1967இல் வந்த 'அமோக் டைம்' பகுதி. தன் கையாலேயே கர்க்கைக் கொன்றுவிட்டதாக நம்பிக் கப்பலுக்குத் திரும்புகிறான் ஸ்பாக். பதவியைத் துறந்து கைதாகப் போவதாக மருத்துவரிடம் வறண்ட குரலில் சொல்லிக்கொண்டிருக்கிறான். பின்னாலிருந்து கர்க்கின் குரல் கேட்கிறது. திரும்புகிறான். இரண்டு கைகளாலும் கர்க்கின் தோள்களைப் பிடித்துக்கொண்டு, முகம் முழுக்கச் சிரிப்போடு, "ஜிம்!" என்று கர்க்கின் செல்லப்பெயரைச் சொல்லிக் கத்துகிறான். மறுகணமே அறையில் மற்றவர்கள் இருப்பது உறைக்கிறது. முகம் பழைய கல்லாகிறது. லியனார்டு நிமாய் அந்தச் சில விநாடிகளில் செய்ததை நூறு கறுப்புக் கோட்டுகள் சேர்ந்தாலும் செய்ய முடியாது.

மின்னல்கொடி:

ரேடியோ ஐயா, ஸ்பாக்குக்கு என் வாக்கும் உண்டு. ஆனால் இழை தொடங்கி இவ்வளவு தூரம் வந்தும் ஒரு பெண் பெயரை யாரும் எடுக்கவில்லை. "நாயகியரும் சேர்த்திதான்" என்ற அறிவிப்பு வாசலில் தொங்கும் பலகையோடு சரி.

ஏலியன், 1979. ரிப்ளி. அந்தத் திரைக்கதையில் கப்பல் ஊழியர்கள் எல்லோரும் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம் என்றே எழுதிவைத்திருந்தார்கள். அதனால்தான் சிகர்னி வீவருக்கு "பெண்ணாக" எதுவும் செய்ய வேண்டிய சுமை இல்லை. முகத்தில் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும் சக ஊழியனைத் தூக்கிக்கொண்டு கேப்டனே வாசலில் நிற்கிறார், கதவைத் திற என்று ஆணையிடுகிறார். விதிப்படி நோய்த்தடுப்புக் காத்திருப்பு இருக்கிறது, திறக்க மாட்டேன் என்கிறாள். கத்தவில்லை, கெஞ்சவில்லை. படத்திலேயே விவேகமான பேச்சு அதுதான். அதைக் கேட்டிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள். என் கண்ணுக்கு அந்த "மாட்டேன்" என்ற நொடிதான் பேரழகு. படத்தின் கடைசியில் உள்ளாடையோடு நிற்கும் காட்சியைத்தான் பலரும் சொல்வார்கள். அது ஒளிப்பதிவாளருக்கு வேலை கொடுத்த காட்சி, பாத்திரத்துக்கு இல்லை.

அடுத்து, 2015, மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு. இரவு, சேறு, சிக்கிக்கொண்ட லாரி. எதிரி பெரிய விளக்கை வீசிக்கொண்டு நெருங்குகிறான். துப்பாக்கியில் சொற்பக் குண்டுகள். மேக்ஸ் சுடுகிறான், தவறுகிறது. மறுபடியும் தவறுகிறது. ஒரே ஒரு குண்டு மிச்சம். ஃபியூரியோசா வந்து பின்னால் நிற்கிறாள். ஒரு வார்த்தை இல்லாமல் துப்பாக்கியை அவளிடம் கொடுத்துவிட்டுக் குனிகிறான். அவன் தோளையே தாங்கியாக வைத்துக் குறிபார்க்கிறாள். "மூச்சு விடாதே" என்கிறாள். அவனும் விடவில்லை. விளக்கு சிதறுகிறது. மொட்டைத் தலை, நெற்றியில் கரி, ஒரு கை இரும்பு. ஷார்லீஸ் தெரோன் மற்ற படங்களில் அழகி என்று எல்லோருக்கும் தெரியும். இந்தப் படத்தில் அந்த அழகுக்கு உரிய அடையாளங்களை எல்லாம் மழித்துவிட்டார்கள். அப்படியும் கண்ணை எடுக்க முடியவில்லையே, அதைத்தான் நாம் இங்கே பேச வேண்டும்.

கடைசிவரிசை:

மின்னல்கொடி, நீங்கள் என் கட்சிக்குத்தான் ஆள் சேர்த்திருக்கிறீர்கள். வேலை தெரிந்த கை! வேலை தெரிந்தவரிடம் கருவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கும் ஆணும் அதே கட்சிதான். அந்தக் காட்சியில் ஃபியூரியோசா எவ்வளவு அழகோ, குனிந்துகொடுக்கும் மேக்ஸும் அவ்வளவு அழகு.

இதே ஒழுங்கில் 1986இல் வந்த ஏலியன்ஸ் படத்தின் கார்ப்போரல் ஹிக்ஸைச் சேர்க்க வேண்டும். மைக்கேல் பீன். மற்ற வீரர்கள் எல்லாம் மார்தட்டிக்கொண்டு தரையிறங்கும் கலத்தில் ஏறுகிறார்கள், கலம் குலுங்கிக்கொண்டு வளிமண்டலத்துக்குள் பாய்கிறது, ஹிக்ஸ் தூங்கிக்கொண்டிருக்கிறான். பிறகு ரிப்ளிக்குத் துப்பாக்கி சொல்லிக்கொடுக்கும் காட்சி. குண்டு எறியும் பகுதியைக் காட்டி இது என்ன என்கிறாள். அது உனக்கு வேண்டாம் என்கிறான். ஆரம்பித்தது நீ, எல்லாவற்றையும் காட்டு என்கிறாள். ஒரு சின்னத் தயக்கம், உடனே காட்டிக்கொடுக்கிறான். முத்தம் இல்லை, பாட்டு இல்லை. அந்த இருவரும் துப்பாக்கியின் மேல் தலைகுனிந்து நிற்பதைவிடக் காதல் நிரம்பிய காட்சி ஜேம்ஸ் கேமரூன் படங்களில் கிடையாது. கப்பல் மூழ்கும் படத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வால்நட்சத்திரம்:

ஹிக்ஸ் விஷயத்தில் சண்டை போடமாட்டேன். 1992இல் மூன்றாம் படத்தைத் தொடங்கும்போதே அவனைச் சாகடித்தார்களே, அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு.

ஆனால் பாருங்கள், மைக்கேல் பீன் என்ன, பார்க்கச் சகிக்காத ஆளா? நீங்கள் "கை, கை" என்று காட்டுகிற ஒவ்வொரு கைக்கும் மேலே தேர்ந்தெடுத்து ஒட்டிய முகம் ஒன்று இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். 1936இல் ஃப்ளாஷ் கார்டன் தொடரை எடுத்தபோது யாரைப் பிடித்தார்கள்? பஸ்டர் கிராப். 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கியவர். தலைமுடிக்குப் பொன்னிறச் சாயம் வேறு பூசினார்கள். ராக்கெட்டைப் பழுதுபார்க்கத் தெரியுமா என்று அவரிடம் கேட்டிருப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்?

ஈர்ப்புவிசை:

முதலில் ஓர் ஆட்சேபம். ஸ்டார் வார்ஸ் அறிவியல் புனைவு அல்ல. வாள், மந்திரம், இளவரசி, மாயக் கிழவர். இது ராஜா ராணிக் கதை. விண்கலம் வந்தால் மட்டும் விஞ்ஞானமாகிவிடாது.

தேநீர்க்கடை:

ஈர்ப்புவிசை அவர்களே, இதற்கு ஏற்கெனவே தனி இழை இருக்கிறது. அது முடிந்ததாக எனக்குச் செய்தி வரவில்லை. இங்கே அழகைப் பற்றிப் பேசுங்கள்.

ஈர்ப்புவிசை:

சரி. கையா முகமா என்ற வழக்கை ஒரே காட்சியில் தீர்த்துவைக்கிறேன். சூப்பர்மேன், 1978, கிறிஸ்டோஃபர் ரீவ். வேற்றுக்கிரகத்தில் பிறந்து கலத்தில் வந்தவன். ஆகவே அறிவியல் புனைவுதான், யாரும் என்னிடமே ஆட்சேபம் எழுப்ப வேண்டாம்.

லோயிஸ் லேனின் வீடு. சூப்பர்மேனாக அவளோடு வானில் பறந்துவிட்டு, கிளார்க் கென்ட்டாக மறுபடியும் கதவைத் தட்டி உள்ளே வந்திருக்கிறான். அவள் உள்ளறையில் கோட்டு எடுக்கப் போகிறாள். கூன் விழுந்த முதுகோடு நிற்கும் கிளார்க் கண்ணாடியைக் கழற்றுகிறான். தோள்கள் பின்னுக்குப் போகின்றன. முதுகு நிமிர்கிறது. ஆள் சில அங்குலம் வளர்ந்துவிட்டது போலத் தெரிகிறது. "லோயிஸ்" என்று கூப்பிடும் குரல் இறங்கி ஆழமாகிறது. உண்மையைச் சொல்ல வாயெடுக்கிறான். அவள் திரும்பி வரும் சத்தம் கேட்டதும் கண்ணாடி மூக்கில் ஏறுகிறது, தோள் தொங்குகிறது, குரல் கீச்சாகிறது. தந்திரக் காட்சி எதுவும் இல்லை, வெட்டுகூட இல்லை; முழுதும் ரீவின் உடம்புதான்.

ஒரே முகம். ஒரே கை. ஒருவனை லோயிஸ் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, இன்னொருவனுக்காக உருகுகிறாள். வால்நட்சத்திரம், முகம்தான் காரணம் என்றால் கிளார்க்குக்கும் அதே முகம்தானே? கடைசிவரிசை, வேலை தெரிந்த கைதான் காரணம் என்றால், அந்தக் காட்சியில் ரீவ் எந்த வேலையும் செய்யவில்லையே? தன்னைப் பற்றித் தான் என்ன நினைக்கிறான் என்பது முதுகெலும்பில் தெரிகிறது. எனக்குத் தெரிந்த கணக்கு அதுதான்.

ஏழாம்வானம்:

ஈர்ப்புவிசையின் கணக்குக்கு இன்னொரு சாட்சி: கேப்டன் பிக்கார்ட். 1987, ஸ்டார் ட்ரெக்கின் அடுத்த தலைமுறை. பேட்ரிக் ஸ்டூவர்ட்டுக்குத் தலையில் முடி இல்லை. கடைசிக் கட்டத் தேர்வுக்கு லண்டனிலிருந்து அவருடைய டோப்பாவை வரவழைத்து மாட்டிக்கொண்டு போனார். பார்த்தவர்கள் ஆளை வைத்துக்கொண்டு டோப்பாவை அனுப்பிவிட்டார்கள். இருபத்து நான்காம் நூற்றாண்டிலுமா வழுக்கைக்கு மருந்து கண்டுபிடிக்கவில்லை என்று ஒரு நிருபர் கேட்டாராம். அந்த நூற்றாண்டில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள் என்றார் தொடரைப் படைத்த ஜீன் ராடன்பரி. கிழட்டுச் சிங்கம் போல ஒரு மனிதர் நாற்காலியில் அமர்ந்து, சீருடையின் முன்பக்கத்தை ஓர் இழுப்பு இழுத்துவிட்டுக்கொள்வார். அந்த இழுப்புக்கு நான் அடிமை.

இன்னொருவர், டேனா ஸ்கல்லி. எக்ஸ் ஃபைல்ஸ், 1993. தொலைக்காட்சிக்காரர்கள் வேறு மாதிரிப் பெண்ணைத்தான் கேட்டார்கள். இன்னும் உயரம், இன்னும் பொன்னிற முடி, இன்னும் வளைவுகள். படைப்பாளர் கிறிஸ் கார்ட்டர் பிடிவாதமாக ஜில்லியன் ஆண்டர்சனைப் போட்டார். ஆளைவிடப் பெரிய கோட்டுக்குள் இருந்துகொண்டு, பிணத்தின் எதிரே நின்று, ஒலிப்பதிவுக் கருவியில் குறிப்பைச் சொல்லிக்கொண்டே போவாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. 1996இல் பிரிட்டனின் ஆண்கள் இதழான எஃப்.எச்.எம். வாசகர்கள் அவரைத்தான் உலகத்தின் ஆகக் கவர்ச்சியான பெண் என்று தேர்ந்தெடுத்தார்கள். வளைவுகள் கேட்டவர்கள் அன்று எங்கே போய் முகத்தை வைத்துக்கொண்டார்களோ!

நெறியாளர்:

ஒரு பெண் பாத்திரத்தின் உடலமைப்பை அங்கம் அங்கமாக வர்ணித்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. இழையைத் தொடங்கியவரின் நிபந்தனை நல்ல நிபந்தனை. அதன்படியே தொடரவும்.

மின்னல்கொடி:

நெறியாளருக்கு நன்றி.

ஹான் சோலோவைப் பற்றி ஒரு கணக்குப் பாக்கி இருக்கிறது. கடைசிவரிசை மெச்சிய அதே எம்பயர் படத்தில்தான் இளவரசி லேயாவை அவன் மடக்கும் காட்சியும் வருகிறது. அவள் கப்பலில் ஏதோ ஒரு நெம்புகோலோடு மல்லுக்கட்டுகிறாள், கையில் அடிபடுகிறது. கையைப் பிடித்துத் தேய்த்துவிடுகிறான். விடு என்கிறாள், விடவில்லை. என் கை அழுக்கு என்கிறாள். என் கையும்தான் என்கிறான். சிறுவயதில் இதைப் பார்த்து நெஞ்சு படபடத்தது உண்மை. இன்று பார்க்கும்போது, கேட்ட உடனே கையை விட்டிருந்தால் இன்னும் அழகாக இருந்திருப்பானே என்று தோன்றுகிறது. அவள் குரலில் நடுக்கம் இருக்கிறது, முகம் வேறு ஏதோ சொல்கிறது, கேரி ஃபிஷர் இரண்டையும் ஒன்றாக வைத்து விளையாடுகிறார் என்பதெல்லாம் சரி. அது அவருடைய திறமை. அவனுடைய பண்பு இல்லை.

பழைய ரேடியோ:

அம்மா, அந்தக் காட்சியை இன்றைய தராசில் வைத்தால் எங்கள் காலத்துக் காதல் காட்சிகள் பாதி காணாமல் போய்விடும்.

மின்னல்கொடி:

போகட்டுமே, ஐயா. மீதிப் பாதி இன்னும் நன்றாக இருக்கும்.

கடைசிவரிசை:

அந்தக் காட்சியில் நீங்கள் சொல்வதை மறுக்க என்னிடம் ஆயுதம் இல்லை. ஆனால் அதே படத்தின் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். ஹானை உறையவைக்கும் குழிக்குள் இறக்குகிறார்கள். "உன்னைக் காதலிக்கிறேன்" என்கிறாள் லேயா. "எனக்குத் தெரியும்" என்கிறான். திரைக்கதையில் இருந்த பதில் வேறு. படப்பிடிப்பில் ஃபோர்டும் இயக்குநர் இர்வின் கெர்ஷ்னரும் பேசிப்பேசிக் கண்டுபிடித்த பதில் இது. கை கட்டியிருக்கிறது, கப்பல் இல்லை, சவடால் இல்லை. சாகப்போகிற நேரத்திலும் தன்னைப் பற்றிப் பேசாமல் அவளை ஆறுதல்படுத்துகிறான்.

வால்நட்சத்திரம்:

ஆறுதலா அது? அகம்பாவம்! அழகான அகம்பாவம், அது வேறு விஷயம்.

மின்னல்கொடி:

அந்தப் பதிலின் கணக்கை லேயா 1983இல் தீர்க்கிறாள். எண்டோர் காட்டில் தோளில் அடிபட்டுக் கிடக்கிறாள். பின்னால் சிப்பாய்கள் துப்பாக்கி நீட்டுகிறார்கள். தன் மடியில் மறைத்துவைத்திருக்கும் துப்பாக்கியை ஹானுக்கு மட்டும் தெரிகிற மாதிரிக் காட்டுகிறாள். அவன் பார்த்துவிட்டு, "உன்னைக் காதலிக்கிறேன்" என்கிறான். "எனக்குத் தெரியும்" என்கிறாள் அவள். அடுத்த நொடி சுடுகிறாள். முதல் படத்திலும் காப்பாற்ற வந்த வீரர்கள் வழி தெரியாமல் விழிக்கும்போது துப்பாக்கியைப் பிடுங்கிக் குப்பைக்குழியின் கம்பியைச் சுட்டுத் தப்பிக்க வழிசெய்தவள் அவள்தானே? நாற்பது ஆண்டுகளாக இந்த மூன்று படங்களிலும் ஹானைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பக்கத்தில் நின்றவளைக் கவனிக்கவில்லை. என் பட்டியலில் ஹான் கிடையாது, லேயா உண்டு.

மின்கலம்:

நான் புதியவன். எல்லோரும் மனிதர்களையே பேசுகிறீர்கள். அரை மனிதரான ஸ்பாக்கும் வேற்றுக்கிரகத்துச் சூப்பர்மேனும்தான் விதிவிலக்கு. இயந்திரங்களுக்கு இடம் உண்டா?

உண்டு என்றால், சிட்டி. எந்திரன், 2010. அப்போது ரஜினிகாந்த்துக்கு அறுபது வயது நெருங்குகிறது. வசீகரனாக அவர் கண்ணாடியும் தாடியுமாக நன்றாகவே இருக்கிறார். ஆனால் கண் போவது அந்த இயந்திரத்தின் மேல்தான். சனாவைக் கடித்த கொசுவைத் துரத்திக்கொண்டு போய், அதனோடு பேரம் பேசி, மன்னிப்புக் கேட்க வைக்கக் கொண்டுவருகிறதே, அந்த வேடிக்கைக் காதலுக்கு முன்னால் டாக்டர் வசீகரன் என்ன செய்ய முடியும்?

கெட்ட சிட்டி வேறு ரகம். இயந்திரப் பட்டாளத்துக்கு நடுவே மறைந்திருக்கும் வசீகரனைக் கறுப்பு ஆடு என்று தேடிக்கொண்டு, "மே" என்று ஆடு மாதிரிக் கத்திக்கொண்டு நடக்கும் நடை. பழைய வில்லன் ரஜினியைக் கண்டவர்களுக்குத் திரையரங்கில் நெஞ்சு குளிர்ந்த இடம் அது. ஆனால் என் வாக்கு இரண்டுக்கும் இல்லை, முடிவில் வரும் சிட்டிக்கு. நீதிமன்றம் கழற்றிப் போடச் சொல்கிறது. தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே எல்லோரிடமும் விடைபெறுகிறது.

பழைய ரேடியோ:

தம்பி, வா. உனக்கு இடம் உண்டு. நீ சொல்வதற்கு அண்ணன்காரன் ஒருவன் இருக்கிறான்: பிளேடு ரன்னர், 1982, ராய் பேட்டி. நாயகன் என்று விளம்பரத்தில் போட்டது ஹாரிசன் ஃபோர்டை. நிற்பது ரட்கர் ஹவுர். நான்கே ஆண்டு ஆயுளோடு செய்யப்பட்ட செயற்கை மனிதன், தன்னைக் கொல்ல வந்தவனை விளிம்பிலிருந்து ஒற்றைக் கையால் தூக்கிக் காப்பாற்றிவிட்டு, மழையில் உட்கார்ந்து தான் கண்டவற்றைச் சொல்லிச் சாகிறான். எழுதிக்கொடுத்த நீண்ட வசனத்தைத் தானே வெட்டி, கண்ணீரும் மழையும் கலக்கும் அந்த வரியைத் தானே சேர்த்தார் ஹவுர். கதை நடப்பது 2019இல். ஹவுர் காலமானதும் அதே 2019இல்தான்.

ஈர்ப்புவிசை:

இங்கே ஒரு விஷயம் கூடி வருகிறது. ஸ்பாக், சிட்டி, ராய் பேட்டி: உணர்ச்சி இருக்கக் கூடாது என்று செய்யப்பட்டவர்கள் அல்லது வளர்க்கப்பட்டவர்கள், அதை மீறுகிற இடத்தில்தான் நம்மைப் பிடிக்கிறார்கள். ஹெல்மெட் போட்ட அந்த மாண்டலோரியனும் இதே கணக்குதான். இரண்டாம் பருவக் கடைசியில் குழந்தைக்காக ஹெல்மெட்டைக் கழற்றுகிறான். குழந்தை கையை நீட்டி அவன் கன்னத்தைத் தொடுகிறது. கை வேலையால் வந்த அழகு இல்லை அது, கடைசிவரிசை அவர்களே. விரதத்தை முறித்ததால் வந்தது.

வால்நட்சத்திரம்:

முகத்தைக் காட்டியதால் வந்தது என்றும் சொல்லலாம். நான் சொல்கிறேன்.

கடைசிவரிசை:

நான் எதையும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. தமிழிலேயே சாட்சி தருகிறேன். 24, 2016. சூர்யா நடித்த மணி யார்? கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவன். காலத்தையே கட்டிப்போடும் கருவி கையில் கிடைத்தும் அவனுடைய அழகு எங்கே இருக்கிறது? சின்னத் திருப்புளியோடு கடிகாரத்தின் மேல் குனிந்திருக்கும் அந்தக் கடையில் இருக்கிறது.

வால்நட்சத்திரம்:

அதே படத்தில் அதே சூர்யா ஆத்ரேயாவாக வருகிறார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எந்தக் கடிகாரத்தையும் பழுதுபார்க்காமல், அடுத்தவன் செய்ததைப் பறிக்க அலைகிற அயோக்கியன். படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் யாரைப் பற்றிப் பேசினார்கள்? மணியைப் பற்றியா?

மின்கலம்:

ஆத்ரேயாவைப் பற்றித்தான். எங்கள் வீட்டில் இன்னும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

தேநீர்க்கடை:

இதுவரை பதினைந்து பேருக்கு மேல் பெயர் வந்துவிட்டது, சட்டைப் பொத்தான் திறந்தவர் ஒருவர்தான். வாக்கெடுப்பு வைப்பதாக இருந்தால் கோல்ட்ப்ளம் பெயரை முதலில் போடவும். ஆத்ரேயா ஆதரவாளர்களுக்குத் தனி இழை தொடங்கித் தரத் தயார். கடைசிவரிசை அங்கே வரக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

கடைசிவரிசை:

நிச்சயம் வருவேன். ஆத்ரேயாவின் நாற்காலிச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டது யார் என்ற கேள்வியோடு வருவேன்.